நெஞ்சுக்கறி முடிவாகும் முதல் வாரம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியில் எடுத்த காணொளி ஒன்றை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கறிக்கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியபடி வரிசையில் நிற்கிறார்கள். நடுவர் ஒவ்வொரு கோழியின் நெஞ்சையும் உள்ளங்கையால் அளந்துகொண்டே நகர்கிறார். "ஆறேழு வாரத்தில் இவ்வளவு நெஞ்சு எப்படி வரும்? ஹார்மோன் ஊசிதானே?" என்பது கேள்வி.

ஊசி எதுவும் கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பைப் போலச் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் ஒவ்வொரு கோழிக்கும் நாள் தவறாமல் போட வேண்டும்; போட்டாலும் கறிக்கோழியின் எடை சொல்லும்படி கூடுவதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய காலங்களின் கோழி வம்சங்களுக்கு ஒரே தீவனம் கொடுத்து, ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனமும் பராமரிப்பும் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் வம்சத்தில்தான் இருக்க முடியும். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததன் பலன் அது. இத்தனை தெளிவான சோதனைக்குப் பிறகும் ஹார்மோன் வதந்தியைப் பரப்புவதை அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மலிவான புரதத்தைக் குழந்தைகளின் தட்டிலிருந்து விலக்கிவைக்கும் மூடநம்பிக்கை அது.

1948இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து ஜார்ஜ்டவுனில், அதிகக் கறி தரும் இனத்தைத் தேடிய 'நாளைய கோழி' என்ற தேசியப் போட்டியின் இறுதிச்சுற்று நடந்தது. கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ் கொண்டுவந்த கலப்பினம் வென்றது. காப்-வான்ட்ரெஸ் என்ற கோழி இனப்பெருக்க நிறுவனத்தின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். நம் பல்லடத்துப் பண்ணைகளில் வளரும் வென்காப் கறிக்கோழியும் காப் வழி வந்ததே.

இனி, இதைவிடச் சுவையான கேள்வி. டெக்சாஸின் பெரிய கண்காட்சிகளுக்குப் பிள்ளைகள் மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகம் வழியாகத்தான் குஞ்சு வாங்குகிறார்கள். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், இறக்கையில் எண் பட்டை மாட்டி வரும். வயதும் ஒன்று, வம்சமும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரு பிள்ளையின் மூன்று கோழிகள் பரிசு மேடை வரை போகின்றன, இன்னொரு பிள்ளையின் கோழிகள் முதல் வடிகட்டலிலேயே வெளியே வந்துவிடுகின்றன. ஏன்?

விடையில் பெரும்பங்கு முதல் ஏழு நாட்களில் இருக்கிறது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரும்போதே நெஞ்சுத் தசையில் எத்தனை இழைகள் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அதற்குமேல் புது இழை முளைக்காது. இருக்கிற இழைகள்தான் தடிக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்குள்ளும் பல உட்கருக்கள் உண்டு. தன்னைச் சுற்றியுள்ள ஓரளவு இடத்துக்கு மட்டுமே புரதம் செய்ய ஒவ்வொரு உட்கருவும் கட்டளையிடும். நூறு பேர் பந்திக்கு ஒரு சமையல்காரர் போதும். ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆள் சேர்க்காமல் முடியாதல்லவா? இழை தடிக்கவும் உட்கரு சேர வேண்டும். ஆனால் இழைக்குள் இருக்கும் உட்கருக்களால் பிரிந்து பெருக முடியாது. வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

அந்த ஆட்கள்தான் சாட்டிலைட் செல்கள். இழையின் மேல் சவ்வுக்கும் அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் நடுவே, தலையணைக்கும் உறைக்கும் இடையில் சிக்கிய பஞ்சைப் போல ஒட்டிக்கிடப்பவை. இவை பிரிந்து பெருகி, இழையோடு இணைந்து, தங்கள் உட்கருவை அதற்குக் கொடுத்துவிடும். கோழிக்குஞ்சில் இந்த வேலை பொரித்த முதல் சில நாட்களில் உச்சத்தில் நடந்து, பிறகு வேகமாக அடங்கிவிடுகிறது. பொரித்த கையோடு இரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சுகளில் இந்தச் செல்கள் சரியாகப் பெருகுவதில்லை. பின்னால் எவ்வளவு தீவனம் கொட்டினாலும் ஆறாவது வாரத்தில் நெஞ்சுக்கறி குறைவாகவே நிற்கிறது.

1961இல் உயிர் இயற்பியலாளர் அலெக்சாண்டர் மாரோ இந்தச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதலில் கண்டது தவளையின் கால் தசையில். தவளைத் தசையைப் பார்க்கப் பணம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கையை மடக்கியிருந்தால், இந்தச் செல்களைச் சார்ந்த தசைநார்த் தேய்வு நோய் ஆராய்ச்சி இன்று எவ்வளவோ பின்தங்கியிருக்கும். அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்பவர்களிடம் உடனடிப் பயனைக் கேட்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கொட்டகைக்கு வருவோம். குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். மூன்று நாள் வரை தாங்கும். அமெரிக்கத் தபாலில் 1918 முதல் குஞ்சுகள் உயிரோடு பயணம் செய்வது அதை நம்பித்தான். ஆனால் அது உயிரைக் காக்கும் கையிருப்பு, நெஞ்சை வளர்க்கும் தீனி அல்ல. வந்து இறங்கியதும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்துவிட வேண்டும். தீவனத்தைத் தட்டிலும், தரையில் விரித்த காகிதத்திலும் தூவ வேண்டும். 22 முதல் 24 சதவீதம் புரதமுள்ள குருணை. அந்தப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் முதலில் அடிபடுவது நெஞ்சுதான்.

சாப்பிட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, விரலால் தெரிந்துகொள்ளலாம். கழுத்தின் அடியில் இருக்கும் தீனிப்பையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லத் தொடுங்கள். ஊறிய அவலைப் போலக் குழைவாக உருண்டிருந்தால் தீவனமும் தண்ணீரும் போயிருக்கிறது. குருணை நறநறவென்று தட்டுப்பட்டால் தண்ணீர் கிடைக்கவில்லை. பலூன் போலத் தளும்பினால் வெறும் தண்ணீர். 24 மணி நேரத்துக்குள் நூற்றில் 95 குஞ்சுக்காவது தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். முதல் நாள் சுமார் 42 கிராம் இருந்த குஞ்சு ஏழாம் நாள் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் எடை காட்டினால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர். மார்ச்சில் நடக்கும் ஹூஸ்டன் கண்காட்சிக்குக் குஞ்சுகள் ஜனவரியில் வருகின்றன. முதல் இரண்டு வாரம் அவற்றால் தம் உடல் சூட்டைச் சரியாகக் காக்க முடியாது. குளிர்ந்த குஞ்சு விளக்கடியில் குவியும், தீவனத்துக்கு நடக்காது. அதனால் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரைக் குஞ்சு வருவதற்கு ஒரு நாள் முன்பே ஏற்றிவிட வேண்டும். குஞ்சின் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைத்து 21 வரை. தரையும் சூடாக இருக்கிறதா என்பதுதான் பலர் விடும் இடம். குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தரையில் பரப்பிய கூளம் குளிர்ந்திருக்கிறது, வெப்பமானி என்ன காட்டினாலும் சரி. கூளத்துக்குப் பைன் மரச்சீவல் 8 முதல் 10 சென்டிமீட்டர் கனம் போதும். சீடார் சீவல் ஆகாது. அதன் எண்ணெய் நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

பிறகு வரும் வாரங்களில் வேலை சலிப்பூட்டக்கூடியது, ஆனால் விடக்கூடாதது. கோழிக்கு 2 சதுர அடி இடம், தீவனத்தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில், தினம் கூளத்தைக் கிளறுதல். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் உள்ளே நடந்து கோழிகளை எழுப்பிவிடுவார்கள். எழுந்த கோழி நேராகத் தட்டுக்கும் தண்ணீருக்கும் போகும். ஈரக் கூளத்தில் உட்கார்ந்தே கிடந்தால் நெஞ்செலும்பின் மேல் கொப்புளம் கட்டும். கொப்புளத்தோடு வரும் கோழியை நடுவர் ஒதுக்கிவிடுவார்.

குளிருக்குப் பயந்து படுதாக்களை இறுக மூடுவது இன்னொரு தவறு. அம்மோனியா தேங்கும், பிராணவாயு குறையும். வேகமாக வளரும் உடலுக்கு ஈடுகொடுக்க இதயம் நுரையீரலுக்குள் ரத்தத்தை அழுத்தித் தள்ள, வலப்புற இதயம் களைத்து வயிற்றில் நீர் கோத்துவிடும். கோழியின் உயரத்துக்கு மண்டியிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றுவழி போதவில்லை.

கடைசியில் கண்காட்சிக்கான மூன்று கோழிகளைத் தேர்ந்தெடுக்கும்போது தனித்து நிற்கும் பெரிய கோழியைவிட, ஒன்றுபோல் இருக்கும் மூன்றுக்கே மதிப்பு. மூன்றும் சேவலாகவோ மூன்றும் பெட்டையாகவோ இருக்க வேண்டும். நெஞ்சு அகலமாகத் தொடங்கி, நெஞ்செலும்பின் நுனி வரை மெலியாமல் போகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றி இறக்கும்போது இறக்கையைப் பிடிக்கக் கூடாது. இரண்டு காலையும் பிடித்து, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்ததும் படபடவென்று அடிக்கும். அது அடங்கும் வரை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடித்த இடம் சில நிமிடங்களில் சிவக்கும், ஒரு நாள் போனால் பச்சையாகும். நம் கன்றிப்போன தோல் கடைசியில் மஞ்சளாகிறது. பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி கோழிக்கு மிகக் குறைவு என்பதால், அதன் காயத்தில் பச்சைதான் தூக்கலாகத் தெரியும். பச்சைத் தழும்பைக் கண்டதுமே, அடிபட்டது இன்றைக்கல்ல, கோழி கொட்டகையில் இருந்தபோது என்று நடுவருக்குத் தெரிந்துவிடும்.