மார்ஜ் குரலும் ஒரு டீச்சரின் தொண்டையும்

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே "நான் மார்ஜ் ஆகிட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஜெர்மனியில் குரல் சிகிச்சை செய்கிற எனக்கு இது பழகிப்போன பேச்சு. தொண்டை கட்டினால் இங்கே பலருக்கு 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் நீலக் கொண்டைக்கார அம்மா மார்ஜ்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஐந்து மாதமாம். ஐந்து மாதமாக அவர் எந்தத் தொண்டை மருத்துவரிடமும் போகவில்லை. கரகரப்பை மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒரு கோளாறாகவே அவர் நினைக்கவில்லை.

மார்ஜுக்கு ஜெர்மனில் குரல் கொடுத்தவர் யார் என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எலிசபெத் ஃபோல்க்மான், 1936இல் எசன் நகரில் பிறந்தவர், அதே ஊரின் ஃபோல்க்வாங் கலைப் பள்ளியில் பயின்று மேடைக்கு வந்த நடிகை. 1973 முதல் 1979 வரை ஓடிய 'கிளிம்பிம்' என்ற நகைச்சுவைத் தொடரில் அந்தக் கிறுக்குக் குடும்பத்தின் அம்மாவாக வந்து நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். சிம்ப்சன்ஸ் 1991இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்கு 55 வயது. அதிலிருந்து 2006இல் இறக்கும்வரை மார்ஜ் அவர்தான், மார்ஜின் அக்காமார் பேட்டியும் செல்மாவும்கூட அவர்தான். மூன்று பேரும் பேசிக்கொள்ளும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், மூன்று விதமான கரகரப்பும் ஒரே தொண்டையிலிருந்து! அவருக்குப் பிறகு 2007 முதல் ஆங்கெ எங்கெல்கெ மார்ஜாகப் பேசுகிறார்.

சரி, பதினைந்து வருடம் இப்படிப் பேசலாம் என்றால் டீச்சர் ஏன் பேசக் கூடாது? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

டப்பிங் நடக்கும் விதத்தைப் பாருங்கள். படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு டேக்கும் சில வினாடிதான். அமைதியான அறை, வாய்க்கு முன்னால் மைக், அதனால் கத்தவே வேண்டியதில்லை, கரகரப்பை மெல்லிய குரலிலேயே உண்டாக்கலாம். டேக்குக்கு நடுவில் மூச்சு விடலாம், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். மேடைப் பயிற்சி பெற்றவர்கள் அடிவயிற்று மூச்சில் பேசப் பழகியவர்கள், வேடத்தைக் கழற்றியதும் தங்கள் குரலுக்குத் திரும்பிவிடுவார்கள். டீச்சருக்கு இதில் எது இருக்கிறது? இருபத்தைந்து பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே, மைக் இல்லாமல், மணிக்கணக்காக. பெண்களுக்குக் குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதும், அதாவது ஒரு நிமிடத்தில் பன்னிரண்டாயிரம் தடவை. அதையே அழுத்திக் கத்திச் செய்தால், இரண்டு நாண்களும் உரசும் இடத்தில் தடித்துப்போகும். காய்ப்பு மாதிரி.

அதேதான் இவருக்கும். நான் அனுப்பிவைத்த மருத்துவர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்ததில் இரண்டு பக்கமும் நேருக்கு நேராகச் சின்ன முடிச்சுகள். பொதுவாக இதற்குக் கத்தி வைக்க மாட்டோம், பயிற்சியில்தான் தொடங்குவோம். அப்புறம் ஒன்று, வீட்டில் குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கிசுகிசுத்தே பேசியிருக்கிறார். இதை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! கிசுகிசுப்பு ஓய்வில்லை, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஓய்வு என்றால் மௌனம், முடியாவிட்டால் மெதுவான இயல்பான குரல்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பேட்டியும் செல்மாவும் தொடரில் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர்கள், அந்தக் கட்டைக் குரலைக் கேட்டுச் சிரிக்கிறோம். புகைபிடிக்கிற ஒருவர் அதே குரலோடு என்னிடம் வந்தால், பயிற்சி எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் அனுப்புவேன். குரல் நாணில் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது கரகரப்புதான், வலி இருக்காது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணப்படுத்த முடிகிற நோய் அது. சளி இருமல் போய் மூன்று நான்கு வாரம் ஆகியும் குரல் தெளியவில்லை என்றால், புகைபிடிப்பவரோ இல்லையோ, தொண்டை மருத்துவர் ஒரு தடவை உள்ளே பார்த்தே ஆக வேண்டும். மூச்சுவிடச் சிரமம், விழுங்கும்போது வலி, இருமலில் ரத்தம் என்று எதுவும் இருந்தால் அந்த நான்கு வாரமும் கிடையாது, உடனே போங்கள். தேனும் மிளகும் குடித்துப் பார்த்துக்கொண்டு மாதங்களை ஓட்டாதீர்கள், தயவுசெய்து.

டீச்சரின் பயிற்சிக்கு வருவோம். ஒரு பாட்டிலில் பாதிக்குக் கீழே தண்ணீர், அதில் விரல் தடிமனில் ஒரு சிலிகான் குழாய், அதன் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே "ஊ" என்று குரல் கொடுக்க வேண்டும். தண்ணீரின் எதிர் அழுத்தத்தில் நாண்கள் மோதுவது மென்மையாகும். முதல் நாள் குமிழி மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை. நான்காவது அமர்வில் தாழ்ந்த சுரத்தில் காற்று இல்லாமல் ஒரு சுத்தமான "ஊ" வந்தது. மேல் சுரம் இன்னும் பாக்கி. வகுப்பில் மேசைமேல் ஒரு சின்னப் பித்தளை மணி வைத்திருக்கிறாராம், கத்துவதற்குப் பதிலாக அதை அடிக்கிறாராம். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள் என்றார்.