டங் ட்விஸ்டர்: நாபிறழ் தொடரா, நாநெகிழ் பயிற்சியா?

கன்னியாவுக்குப் போன கிண்ணியாக்காரர், கிண்ணியாவுக்குப் போன கன்னியாக்காரரைக் கண்டாரா? மூச்சு விடாமல் மூன்று தரம் சொல்லிப் பாருங்கள். திருகோணமலை ஆளுக்கு இரண்டுமே பழகின ஊர்கள்தான், கன்னியா என்றால் வெந்நீர்க் கிணறுகள், கிண்ணியா என்றால் பாலம், குழப்பமே இல்லை, ஆனால் வேகமாகச் சொல்லும்போது இரண்டாம் தரத்திலேயே ‘கண்ணியா’ என்றொரு புது ஊர் முளைத்துவிடும். இந்த மாதிரித் தொடரைத்தான் டங் ட்விஸ்டர் என்கிறோம்.

ட்விஸ்ட் என்றால் முறுக்குவது, திருகுவது. நாக்கைத் திருகுவது டங் ட்விஸ்டர், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. விளையாட்டு அதைவிடப் பழையது, பீட்டர் பைப்பர் மிளகாய் பறித்ததைச் சொல்லும் ஆங்கில டங் ட்விஸ்டர் 1813இலேயே லண்டனில் புத்தகமாக அச்சேறிவிட்டது. மற்ற மொழிக்காரர் நாக்கை இன்னும் பாடாய்ப் படுத்துகிறார்கள்: ஜெர்மன் பெயருக்கு நாக்கை முறிப்பது என்று பொருள், ஸ்பானியப் பெயருக்கு நாக்கை மாட்டிவைப்பது என்று பொருள். ஜப்பானியர் மட்டும் சாதுவாக ‘வேகவாய்ச் சொல்’ என்கிறார்கள்.

சரி, தமிழில்? இரண்டு பெயர்கள் புழங்குகின்றன, நாபிறழ், நாநெகிழ். பிறழ்தல் என்றால் இருக்க வேண்டிய இடம் விட்டு விலகுதல். நெகிழ்தல் என்றால் இறுக்கம் விட்டு இளகுதல். ஒன்று நாவுக்கு நேரும் விபத்தைச் சொல்கிறது, மற்றது பழகப் பழகக் கிடைக்கும் பலனைச் சொல்கிறது. ஆகவே என் கட்சி இது: வாக்கியத்துக்கு ‘நாபிறழ் தொடர்’, அதைச் சொல்லிப் பழகுவதற்கு ‘நாநெகிழ் பயிற்சி’. இரண்டையும் ஒரே பொருளில் கலந்தடிக்கத் தேவையில்லை. (பிறழ்தொடர் வினைத்தொகை, அதனால் நடுவில் ‘த்’ போட வேண்டாம்.)

நா ஏன் பிறழ்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பார்த்தால் போதும். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைச் சேர, அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ர, ழ. ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம்? மயிரிழை. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சருசருக்கி வழுவழுக்கி விழுந்தான்’ என்று சொல்லும்போது நாக்கு ழவுக்கு வளைந்து, லவுக்கு இறங்கி, ரவுக்கு மறுபடி ஏற வேண்டும். அடுத்த ஒலிக்கான கட்டளை முந்திக்கொண்டு வந்துவிட்டால் கிழவனுக்கு முன்னால் நாம் வழுக்குகிறோம். வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட வரிகளை வாய் திறக்காமல் மனதுக்குள் வாசித்தாலும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் பழியை முழுக்க நாக்கின் தலையில் போட முடியாது.

நம்மவர் பலர் வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ ஆக்கிவிடுகிறோம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பத்து, பற்று, பட்டு மூன்றையும் மூன்றாகவே சொல்வது இலங்கைத் தமிழின் சொத்து. ‘பத்துப் பட்டில் பற்று வைத்தாள், பற்று வைத்த பட்டும் பத்து’ என்று நான் கட்டிய வரியைச் சொல்லிப் பாருங்கள், தமிழ்நாட்டு நண்பர் இருந்தால் அவரையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த ற்ற ஒலிதான் ஆங்கில ‘ட’வுக்குக் கிட்டத்தில் நிற்பது, அதனால்தான் டொரண்டோவை நம் ஆட்கள் ரொறன்ரோ என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் ‘ரங் ருவிஸ்ரர்’ என்று எழுதினால் பெயரே ஒரு நாபிறழ் தொடர்தான்.

பயன் என்று கேட்டால், இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சோ வாசிப்போ பா ஓதலோ பழகுகிற பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை. மேடைக்கு ஏறுமுன் ‘கடலோரம் உரல் உருளுது பிரளுது’ என்பதை முதலில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெறித்து விழும்படி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிச் சொன்னால் வாய் திறந்துகொள்ளும். எடுத்த எடுப்பில் வேகமாகச் சொல்லவைத்தால் பிழையான ஒலிதான் பழக்கமாகும். பிள்ளை தடுமாறினால் சிரிக்கலாம், கூடவே நாமும் ஒருமுறை சொல்லித் தடுமாற வேண்டும், அதுதான் நியாயம். திக்குவாய்க்கு இது மருந்து என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அதற்குப் பேச்சுச் சிகிச்சையாளரிடம்தான் போக வேண்டும்.