சுக்கினியின் தோலைச் சீவாதீர்கள்

காரைக்குடிக் காய்கறிக் கடைகளில் சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் பக்கத்தில், வெள்ளரிக்காய் போலிருக்கும் பூசணி இனக் காயான சுக்கினியும் (zucchini) இப்போது வந்துவிட்டது. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமா?" என்பதுதான். எந்தக் காயும் தானாகச் சர்க்கரையை இறக்கிவிடாது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுக்கினிக் கூட்டை வைத்தால்தான் பலன். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. வேகவைத்த சுக்கினியில் அதே அளவுக்கு 15 அல்லது 16தான். மாவுச்சத்தும் 3 கிராம் அளவில் நின்றுவிடும்.

அண்மையில் ஓர் ஆச்சி தன் சமையலை விவரித்தார். தோலை முழுக்கச் சீவி, நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிப்பாராம். "தோல் இருந்தால் பேரப்பிள்ளைகள் தொடமாட்டார்கள் அம்மா" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. விழித்திரைக்கு வேண்டிய லூட்டீன் என்னும் நிறமி அந்தப் பச்சைத் தோலில்தான் மிகுதி. வைட்டமின் சி, ஃபோலேட் என்னும் பி வைட்டமின், பொட்டாசியம் ஆகியவை நீரில் கரைபவை. வடித்த தண்ணீரோடு அவற்றில் கணிசமான பகுதி போய்விடுகிறது.

சுரைக்காய்க்கு நாம் வைக்கும் பாசிப்பருப்புக் கூட்டே இதற்கும் பொருந்தும். பருப்பு முக்கால் பதம் வெந்ததும், தோலோடு சற்றுக் கனமாக நறுக்கிய சுக்கினியைப் போட்டு மூடிவிடுங்கள். தனியாகத் தண்ணீர் வேண்டாம், காயே விடும். தோலின் பச்சை மாறுவதற்குள், கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிற பதத்தில் இறக்கிவிடுங்கள். சோம்பையும் சின்ன வெங்காயத்தையும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். லூட்டீன் கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டாம். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தண்ணீரை வடிக்கலாம்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்னும் நச்சு. கொதிக்க வைத்தாலும் அழியாது. 2015இல் ஜெர்மனியில், தோட்டத்தில் விளைந்த கசந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்தே போனார். சுரைக்காயும் பீர்க்கங்காயும் கசந்தாலும் இதே எச்சரிக்கைதான். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று புளியையும் மிளகாயையும் கூட்டிப் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். பாகற்காய் மட்டும் கசக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். அது இயல்பிலேயே கசக்கிற காய். சுக்கினிக்குக் கசப்பு இயல்பல்ல.