கதுவீயும் எதிரலையும்

ஐப்பசி மழையில் நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் எதிர்ச்சரிவு தெரியாது. மேலே போகும் செயற்கைக்கோளின் கேமராவுக்கும் வெறும் வெண்மேகம்தான். எந்தச் சரிவில் கேரட், எதில் தேயிலை என்று அந்த நாட்களில் வானிலிருந்து சொல்ல ரேடார்தான் வேண்டும்.

‘ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்’ என்ற தொடரைச் சுருக்கி 1940இல் அமெரிக்கக் கடற்படை வழக்கில் விட்ட பெயர் ரேடார். ரேடியோ அலையால் பொருளைக் கண்டறிந்து தொலைவை அளப்பது என்று பொருள். தமிழில் ‘கதுவீ’ என்கிறார்கள். கதுவுதல் என்றால் பற்றுதல். ‘தீக் கதுவியது’ என்பது பழைய வழக்கு. திரும்பி வரும் அலையைப் பற்றிக்கொள்ளும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

அது தரும் படத்தைப் ‘புகைப்படம்’ என்று எழுதும்போதுதான் பொருள் கெடுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் ஏறக்குறைய 5.5 செ.மீ. மேகத்தின் நுண்துளிகள் அதைத் தடுப்பதில்லை. கீழே வந்து கேரட் தழையிலும் மண்கட்டியிலும் பட்டுச் சிதறுகிறது. சிதறியதில் செயற்கைக்கோளுக்குத் திரும்பும் பங்கின் வலிமைதான் படத்தில் வெளிச்சமாகிறது. இந்தப் பங்கைப் ‘பின்சிதறல்’ என்பார்கள். நான் ‘எதிரலை’ என்பேன். பள்ளத்தாக்கில் கூவினால் எதிரொலி கேட்கும் ஊரில் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. படமும் ‘எதிரலைப் படம்’ ஆகட்டும்.

கொத்திப்போட்ட ஈரமண் அதில் பளிச்சென்று தெரியும். அசையாத நீர் கறுப்பு. தேயிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், கவாத்து செய்தால்தான் மாறும். காய்கறிப் பாத்தியோ கொத்து, விதைப்பு, தழை, அறுவடை என்று மாறிக்கொண்டே இருக்கும். வெவ்வேறு மாதங்களின் மூன்று படங்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மாறாத தேயிலை சாம்பலாக நிற்க, காய்கறிச் சரிவு நிறம் நிறமாகப் பிரியும். பயிர் வரைபடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலையில் ஒரு சிக்கல் உண்டு. கதுவீ பக்கவாட்டில் பார்க்கும். மிகச் செங்குத்தான சரிவில் அடிவாரத்தைவிட உச்சி அதற்கு அருகில் இருப்பதால் உச்சியின் எதிரலை முந்தி வரும். படத்தில் மலை கோளை நோக்கிக் கவிழ்ந்து கிடக்கும். இதை ‘முன்சாய்வு’ எனலாம். மலைக்கு மறுபுறம் அலை எட்டாத கறுப்பை ‘நிழல்’ என்கிறார்கள். அது வெயில் நிழல் இல்லை என்று ஒரு வரி சேர்த்தே எழுத வேண்டும். இல்லையென்றால் பயிருள்ள சரிவைத் தரிசு என்று படித்துவிடுவார்கள்.