முயலைச் சுட எத்தனை பவர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பவரைப் பற்றித்தான். "12 ஃபுட்-பவுண்ட் போதுமா, இல்லை லைசென்ஸ் எடுத்து 20, 30 என்று போய்விடலாமா?" ஏர் ரைஃபிளில் காற்றழுத்தத்தால் பாயும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட்; அது குழலை விட்டு வரும்போது அதிலுள்ள ஆற்றலை அளக்கும் அலகு ஃபுட்-பவுண்ட். இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் குதிரைப் பண்ணை, காய்கறித் தோட்டம், கோல்ஃப் மைதானம் என்று முயல் தொல்லை இருக்கும் இடங்களில் அதைக் கட்டுப்படுத்துவது என் தொழில். அதை வைத்து நேராகவே சொல்கிறேன். ஒரு முயல் அந்த நொடியே உயிரை விடுகிறதா, இல்லை வயிற்றில் ஈயத்தோடு வளைக்குள் புகுந்து மெல்ல மெல்லச் சாகிறதா என்பது பெல்லட் எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது, ரைஃபிளின் பவரைப் பொறுத்தது அல்ல. 12 போதும். எத்தனை மீட்டர் வரை போதும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் ரைஃபிளின் குழல்முனை ஆற்றல் 12 ஃபுட்-பவுண்டைத் தாண்டினால் போலீஸிடம் துப்பாக்கிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 16.3. ஏர் பிஸ்டலுக்கு எல்லை 6 ஃபுட்-பவுண்ட். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் அதன் கீழ் 1969இல் வந்த விதிகளும்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் 12க்குக் கீழே இருக்கும் சாதாரண ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். வட அயர்லாந்தில் ஒரு ஜூலைத் தாண்டினாலே சான்றிதழ். ஆகவே இங்கிலாந்தின் கென்ட்டில் இருக்கும் மச்சானின் ரைஃபிளைக் காரில் போட்டுக்கொண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள், போவதற்கு முன்னால் அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துக்கொள்ளுங்கள். நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் பிறர் நிலத்தில் ஏர் ரைஃபிளோடு நிற்பதே குற்றம், சுட வேண்டும் என்றுகூட இல்லை.

பெட்டியில் 11.5 என்று அச்சிட்டிருப்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அளந்து பாருங்கள். பெல்லட்டின் வேகத்தைச் சொல்லும் குரோனோகிராஃப் என்ற சின்னக் கருவி இருக்கிறது, கிளப்புகளிலும் கடைகளிலும் வைத்திருப்பார்கள். வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பெல்லட்டின் எடையை கிரெயினில் (ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 15 கிரெயின்) போட்டுப் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் ஃபுட்-பவுண்ட் வந்துவிடும். 8.44 கிரெயின் எடையுள்ள ஒரு .177 (அதாவது 0.177 அங்குல விட்டமுள்ள) பெல்லட் 780 அடி வேகத்தில் போனால் 11.4. அதே பெல்லட் 800 அடியில் போனால் 12ஐத் தொட்டுவிடும். வெறும் இருபது அடி வித்தியாசம்! பெல்லட்டை மாற்றினாலும் கணக்கு மாறும். காற்றை முன்னதாகவே நிரப்பி வைக்கும் பிசிபி வகையில் பொதுவாகக் கனமான பெல்லட்டுக்கு ஆற்றல் கூடும், ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் லேசான பெல்லட்டுக்குக் கூடும். ஸ்பிரிங் ரைஃபிளின் சிலிண்டரில் எண்ணெய் கூடிவிட்டால் அது அழுத்தத்தில் பற்றிக்கொண்டு சில ஷாட்கள் திடீரென்று எகிறும். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும் 12க்குள் இருக்க வேண்டும், அதனால் 11, 11.5 பக்கம் வைத்திருப்பதே நல்லது. கடைசிச் சொட்டு பவரையும் பிழிந்து எடுத்து 11.9இல் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அதனால் முயலுக்கும் நன்மை இல்லை, உங்களுக்கும் இல்லை.

சரி, முயலுக்கு வருவோம். குறி வைக்க வேண்டியது மூளையை. பக்கவாட்டில் நிற்கும் முயலின் கண்ணுக்கும் காது தொடங்கும் இடத்துக்கும் நடுவே, ஒரு பத்து பென்ஸ் நாணயம் அளவுதான் அந்த இடம், இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அங்கே பட்டால் அந்த நொடியே அதற்கு எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு விரல் முன்னால் போனால் தாடை உடையும். தாடை உடைந்த முயல் ஓடிவிடும், அதால் தின்ன முடியாது, பட்டினியில் சாகும். நெஞ்சில் சுடலாமே என்று சிலர் கேட்பார்கள், அது பெரிய இலக்குத்தான். ஆனால் 12 ஃபுட்-பவுண்ட் பெல்லட் நுரையீரலில் பட்ட முயலுக்கு வளை வரை ஓடும் அளவுக்கு உயிர் இருக்கும், முயல் எப்போதும் வளைக்குப் பக்கத்திலேயே மேய்கிற பிராணி. உள்ளே போய்விட்டால் உங்களால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தலை கிடைக்கவில்லை என்றால் சுடாதீர்கள். புல்லில் பாதி மறைந்திருந்தால், உங்களைப் பார்த்துக்கொண்டே எழ யோசித்தால், ஓடிக்கொண்டிருந்தால், விட்டுவிடுங்கள்.

இப்போது தூரம். .22 பெல்லட் 16 கிரெயின் எடையோடு குழலை விட்டு வெளியே வரும்போது நொடிக்கு 570 அடி வேகம் இருக்கும், துப்பாக்கி உலகத்தில் இது நத்தை வேகம். 30 மீட்டரில் ஆற்றலில் ஏறக்குறைய கால்வாசி போயிருக்கும். மிச்சம் இருக்கும் எட்டு ஒன்பது ஃபுட்-பவுண்ட் முயலின் மண்டையோட்டுக்குத் தாராளம். 40 மீட்டரிலும் போதுமான ஆற்றல் இருக்கத்தான் செய்யும். அங்கே பிரச்சினை பெல்லட் இறங்குவது. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை 30 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்திருந்தால், 40இல் .22 பெல்லட் ஆறேழு சென்டிமீட்டர் கீழே போய்ப் படும், .177 மூன்று சென்டிமீட்டர் சொச்சம். இலக்கே இரண்டரை சென்டிமீட்டர்! அப்படியானால் நாற்பதில் இருக்கும் முயலை முப்பது என்று நினைத்துச் சுட்டவர் சுட்டது மூளையை அல்ல, கழுத்தையோ முன்னங்காலையோ. வெட்டவெளிப் புல்தரையில் மாலை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து முப்பது, நாற்பது என்று சரியாகச் சொல்ல பழகியவர்களுக்கே கஷ்டம். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்கள், ரைஃபிளுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

காற்றும் இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்று என்பது முகத்தில் இதமாகப் படும், மரக்கிளைகளில் இலைகள் ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அது 30 மீட்டருக்குள்ளேயே பெல்லட்டை நான்கைந்து சென்டிமீட்டர் ஒதுக்கிவிடும். இதனால்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் 30 மீட்டர் என்ற எல்லையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், வேலிக்கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து போய் அதை 20 மீட்டராகக் குறைப்பதுதான் திறமை. .177ஆ .22ஆ என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது. .177 நேராகப் போகும், தூரக் கணிப்பில் சின்னப் பிசகு இருந்தால் மன்னிக்கும். .22 கனமாக அடிக்கும். மூளையில் பட்டால் இரண்டும் ஒன்றுதான்.

பவர் கூடினால் என்ன ஆகிறது? சான்றிதழ் எடுத்து 30 ஃபுட்-பவுண்ட் ரைஃபிள் வாங்கியவர் அதே 30 மீட்டரில் சுட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பெல்லட்டும் குறைவாகவே இறங்கும், நல்லதுதான். ஆனால் அப்படி யாரும் நிற்பதில்லை. பவர் வந்தவுடன் தூரம் 60, 70 என்று போய்விடுகிறது. அங்கே காற்று பெல்லட்டை என்ன செய்யும் என்று யோசியுங்கள். முயலின் மூளை அந்தத் தூரத்திலும் அதே பத்து பென்ஸ்தான், பெரிதாகிவிடுவதில்லை. இன்னொன்று, கூடுதல் பவர் பெல்லட் தலையைத் துளைத்து அந்தப் பக்கம் போய், கல்லில் பட்டுத் தெறித்து எங்கேயோ பாயும். குதிரைகள் நிற்கும் பண்ணையிலும் வீடுகளை ஒட்டிய தோட்டத்திலும் என் கைக்கு 12தான் வருகிறது. எத்தனை பவராக இருந்தாலும் முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விரல் டிரிக்கருக்குப் போக வேண்டும்.

உங்கள் எல்லை என்ன என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் 25 மில்லிமீட்டர் வட்டம் வரைந்துகொள்ளுங்கள். பெஞ்சில் மணல்மூட்டைமேல் வைத்து அல்ல, வயலில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, குப்புறப் படுத்து, முழங்காலிட்டு, நின்று சுட்டுப் பாருங்கள். ஐந்து பெல்லட்டில் ஐந்தும் வட்டத்துக்குள் விழும் தூரம்தான் அந்த நிலையில் உங்கள் எல்லை. படுத்துக்கொண்டு 30 மீட்டர் வருகிறவருக்கு நின்றுகொண்டு 15கூட வராமல் போகலாம். ஐந்தில் நான்கு என்றால், ஐந்தில் ஒரு முயலைக் காயப்படுத்தி அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது போதாது, உங்களுக்கும் போதக் கூடாது.

சுட்ட பிறகு நடப்பதைப் பலர் சொல்லிக் கொடுப்பதில்லை. மூளையில் பட்ட முயல் சில சமயம் படார் படாரென்று பின்னங்கால்களை உதைத்துத் துள்ளும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய்விடுவார்கள். அது நரம்பின் அனிச்சை, வலி இல்லை. ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள். அடுத்த பெல்லட்டைப் போட்டுக்கொண்டு உடனே போங்கள். முதுகுப் பக்கமாக அணுகி, ஒரு குச்சியின் நுனியால் கண்மணியை லேசாகத் தொடுங்கள். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. தாமதிக்காமல் தலையில் இன்னொரு ஷாட், அல்லது கழுத்தை முறிக்கும் முறையைச் சரியாகக் கற்றவராக இருந்தால் அது. வேண்டுமென்றே காட்டுப் பாலூட்டிகளை வதைப்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், சுட்டவரின் பொறுப்பு முயல் அசைவற்றுப் போகும் வரை முடிவதில்லை.

மிக்ஸோமாடோசிஸ் என்ற நோய் 1953இல் இங்கே கென்ட் வழியாகத்தான் வந்தது, நாட்டிலிருந்த முயல்களில் பெரும்பகுதியை அழித்தது, இன்றும் இருக்கிறது. கண் வீங்கி மூடி, காது கேளாமல், பாதையோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலைப் பார்த்தால் அது இந்த நோய்தான். உங்களுக்கு அனுமதியுள்ள நிலத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் நெருங்கிப் போய் ஒரே ஷாட்டில் முடித்து வைப்பது அதற்குச் செய்யும் உதவி.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. இதில் எதுவும் உங்களுக்கான செய்முறை அல்ல. நம் காட்டு முயல் வேறு இனம், வளை தோண்டி வாழ்வதில்லை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. ஏர்கன்னை லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடிகிறது என்பதால் முயலைச் சுட அனுமதி வந்துவிடாது. இரவில் லைட் அடித்து முயல் வேட்டையாடி வீடியோ போடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே பதிவேற்றுகிறார்கள்.

கடைசியாக, எப்போது சுடக் கூடாது என்பது. இங்கே 1954ஆம் ஆண்டின் தொல்லை உயிரினங்கள் சட்டப்படி (Pests Act), தன் நிலத்திலிருக்கும் முயல்கள் பயிரை நாசம் செய்யாமல் பார்த்துக்கொள்ளும் கடமை நிலம் வைத்திருப்பவருக்கு உண்டு. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கீரைப் பாத்தி மொட்டையானதும் எனக்கு போன் வரும். அது குட்டி போடும் காலம், ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். தாய் முயல் குட்டிகளை மண்ணுக்கடியில் வைத்து வாசலை மண்ணால் மூடிவிட்டு, நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அந்தத் தாயை எவ்வளவு சுத்தமாகச் சுட்டாலும் கீழே நான்கைந்து குட்டிகள் பசியில் சாகும். குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து தொடங்கினால் குட்டியும் அநேகமாக இருக்காது, புல் குட்டையாக இருப்பதால் தலையும் தெளிவாகத் தெரியும், குறைவாகச் சுட்டே எண்ணிக்கையை அடக்கலாம். நாட்டில் பல இடங்களில் முயல்களே வெகுவாகக் குறைந்துவிட்டன, தொல்லை இல்லாத இடத்தில் சுடுவதற்குக் காரணமே இல்லை. ஆகவே வசந்தத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு ரைஃபிளோடு போவதைவிட வேலி போட்டுத் தருகிறேன் என்றுதான் முதலில் சொல்வேன்: 31 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம், அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் அங்கே ஒரு பலகை.