ரேடாருக்குத் தெரியாத விமானத்துக்கு யார் பணம் கொடுப்பது?

1962இல் மாஸ்கோவில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்னும் இயற்பியலாளர். மின்காந்த அலை ஒரு பொருளின் கூரிய விளிம்பில் மோதினால் எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிடும் வழியை அதில் விளக்கியிருந்தார். சோவியத் அதிகாரிகளின் கண்ணுக்கு அதில் ராணுவ ரகசியம் எதுவும் படவில்லை, அச்சிட அனுமதித்துவிட்டார்கள். 1971இல் அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவு அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. 1975 வாக்கில் அது லாக்ஹீட் நிறுவனத்தில் ரேடார் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சரின் கையில் கிடைத்தது. 1983இல் எஃப்-117 என்ற 'ஸ்டெல்த்' விமானம், அதாவது ரேடாருக்கு எளிதில் தெரியாத விமானம், அமெரிக்கப் படையில் சேர்ந்துவிட்டது.

ஆக, கணக்கு இரண்டு வல்லரசுகளிடமும் இருந்தது. முதலில் எழுதிய நாடு அதைப் பயன்படுத்தவில்லை. ராணுவ ஆராய்ச்சியில் யோசனைகளுக்குப் பஞ்சம் வருவது அரிது என்பது என் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்கச் சிறு தொகை தருபவரும், சோதனை வென்றால் பொருளை வாங்கிக்கொள்ள முன்வருபவரும் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. எஃப்-117 பிறந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதற்கு முன் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

ரேடார் அனுப்பும் அலை, விமானத்தைப் போய்ச் சேருவதற்குள் தூரத்தின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, ஏற்ப வலுவிழக்கிறது. மோதித் திரும்பி வரும்போது மறுபடியும் அதே இழப்பு. எனவே ரேடாருக்கு வந்து சேரும் எதிரொலி, தூரத்தின் நான்மடிக்கு, அதாவது நான்காம் அடுக்குக்கு, ஏற்பக் குறைகிறது. இந்த நான்மடி ஒரு விசித்திரமான விளைவைத் தருகிறது. ஒரு விமானத்தை 200 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கும் ரேடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விமானம் திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பெரும்பாடுபட்டுப் பத்தில் ஒரு பங்காக்கினாலும், அதே ரேடார் 112 கிலோமீட்டரில் அதைப் பிடித்துவிடும். 20 கிலோமீட்டர் வரை நெருங்க வேண்டுமானால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கியாக வேண்டும். அரைகுறை முன்னேற்றத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தும் வழக்கமான ஆராய்ச்சி முறை இந்த இடத்தில் கைகொடுக்காது. கிடைத்தால் பெரும் பாய்ச்சல், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

1973 அக்டோபர் போரில், மூன்று வாரத்துக்குள், இஸ்ரேல் ஏறத்தாழ நூறு விமானங்களை இழந்தது. பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை ரேடார் வழிகாட்டும் சோவியத் ஏவுகணைகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும். அமெரிக்க விமானங்களுக்கும் நாளை இதே கதிதான் என்பது வாஷிங்டனுக்கு உறைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா ஐந்து விமான நிறுவனங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டது: எதிரொலி எந்த அளவுக்குக் கீழே போனால் விமானம் பிழைக்கும்? அப்படி ஒன்றை உங்களால் கட்ட முடியுமா? அக்கறையோடு பதில் சொன்ன இருவருக்கு ஆய்வு செய்யத் தலா ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. ஒரு போர் விமானத் திட்டத்தின் கணக்கில் இது சில்லறைக் காசு.

 டார்ப்பா, சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சியில் 1958இல் தொடங்கியது. அதற்குச் சொந்தமாக ஆய்வகம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு மட்டும் நியமிக்கப்படும் திட்ட மேலாளர்கள்தான் அதன் உயிர். அவர்களுடைய அடையாள அட்டையிலேயே வேலை முடியும் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதிக்குள் தகுந்த பல்கலைக்கழகத்தையோ நிறுவனத்தையோ பிடித்துப் பணம் கொடுத்து, விளைவைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். ஆயுள் முழுக்க ஒரே திட்டத்தைக் கட்டிக்கொண்டு அதைக் காப்பதையே வேலையாக்கிக்கொள்ளும் வியாதிக்கு இது நல்ல மருந்து.

1975இல் அதன் இயக்குநராக வந்தவர் ஜார்ஜ் ஹைல்மையர். திரவப் படிகத் திரையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். பணம் கேட்டு வருபவர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் இன்றும் டார்ப்பாவில் புழங்குகின்றன. என்ன செய்யப் போகிறாய், கலைச்சொல் கலக்காமல் சொல். இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே முட்டி நிற்கிறார்கள்? உன் வழியில் புதிது என்ன? வென்றால் யாருக்கு என்ன பயன்? ஆபத்து என்ன, செலவு எவ்வளவு, எத்தனை நாளாகும்? பாதி வழியில் எந்தச் சோதனையை வைத்து வெற்றி தோல்வியை அளப்பது? கடைசிக் கேள்விதான் பலரைத் திணற வைக்கும். பாதியில் நிறுத்த வழி வைக்காத திட்டம் எந்த நாட்டிலும் தானாக நிற்பதில்லை.

டார்ப்பா முதலில் கேட்ட ஐந்து நிறுவனங்களில் லாக்ஹீட் இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக அது போர் விமானம் எதையும் புதிதாகக் கட்டியிருக்கவில்லை. ஆனால் சிஐஏவுக்காகக் கட்டிய வேவு விமானத்தில் எதிரொலியைக் குறைத்த அனுபவம் அதற்கு இருந்தது. அந்த ரகசியத்தை வெளியிட அனுமதி வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போட்டிக்குள் நுழைந்தார் அதன் ரகசிய விமானப் பிரிவான ஸ்கங்க் வொர்க்ஸின் தலைவர் பென் ரிச்.

ஓவர்ஹோல்சரின் குழு எழுதிய கணினி நிரலுக்கு எக்கோ-1 என்று பெயர். அன்றைய கணினிகளால் வளைந்த பரப்பில் அலை சிதறுவதைக் கணக்கிட முடியவில்லை. தட்டையான பலகைகள் என்றால் முடியும். ஆகவே விமானம் முழுவதையும் சாய்ந்த தட்டைப் பலகைகளாகவே வடிவமைத்தார்கள். ரேடார் அலை பலகையில் பட்டு வேறு பக்கம் தெறித்துவிடும். அனுப்பிய இடத்துக்குத் திரும்பாது. மிஞ்சுவது பலகைகள் கூடும் விளிம்புகளில் நடக்கும் சிதறல். அதைக் கணக்கிடத்தான் உஃபிம்ட்சேவ் தேவைப்பட்டார். எஃப்-117இன் கோணல்மாணலான தோற்றத்துக்குக் காரணம், 1975ஆம் ஆண்டுக் கணினியின் வேகம். இந்த வடிவம் தானாக நிலையாகப் பறக்காது. விநாடிக்குப் பல முறை கணினி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

1976இல் லாக்ஹீடும், டார்ப்பாவிடம் முதலில் பணம் பெற்ற இருவரில் ஒன்றான நார்த்ராப்பும் தங்கள் மாதிரிகளை நியூ மெக்ஸிகோவில் கம்பத்தின் மேல் ஏற்றி ரேடாருக்குக் காட்டின. லாக்ஹீடின் மாதிரியைவிட அதைத் தாங்கிய கம்பம் ரேடாரில் பளிச்சென்று தெரிந்ததால், கம்பத்துக்கே புது வடிவமைப்பு செய்ய வேண்டியதாயிற்று. போட்டியில் வென்றது லாக்ஹீட். கணினியில் கணித்ததும் கம்பத்தில் அளந்ததும் ஒத்துப்போயின. ஹைல்மையர் கேட்கும் பாதிவழிச் சோதனை என்பது இதுதான்: விமானம் பறக்காமலேயே, பெரிய செலவு தொடங்கும் முன்பே, யோசனை தேறுமா என்று தெரிந்துவிட்டது.

இனிதான் மெய்யான சிக்கல். அமெரிக்கப் பாதுகாப்பு நிதிநிலையில் அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு, மேம்பட்ட தொழில்நுட்ப உருவாக்கம் என்று மூன்று தலைப்புகள் உண்டு. இவைதான் 'அறிவியல் தொழில்நுட்ப'ப் பணம். அதற்கு அப்பால் உள்ளது ஆயுதமாக்கி வாங்கும் பணம். அது படைகளின் பெட்டியில் இருக்கிறது. படைகள் தங்கள் செலவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டுவிடுகின்றன. ஆய்வு திடீரென்று வென்றால் அதற்கென்று ஒதுக்கிய தொகை பட்டியலில் இருக்காது. ஆராய்ச்சி நிதி தீர்ந்துவிட்டது, கொள்முதல் நிதி தொடங்கவில்லை என்ற அந்த இடைவெளிக்கு மேலாண்மை வட்டாரத்தில் மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர். ஆய்வகத்தில் வென்ற பல கருவிகள் அங்கேதான் மடிகின்றன.

விமானப்படைக்கு இந்தப் புது விமானத்தில் பெரிய ஆர்வம் இல்லை. அதன் கவலையெல்லாம் எஃப்-16 போர் விமானம். மெதுவாகப் பறக்கும், ரேடார் இல்லாத, விகாரமான ஒன்றுக்காக அந்தப் பணம் கரைந்துவிடுமோ என்ற அச்சம். விமானப்படையும் செலவில் பங்கு போட்டால்தான் பறக்கும் மாதிரியைக் கட்டுவேன் என்று ஹைல்மையர் பிடிவாதமாக நின்றார். பணம் போட்டவர்தான் பிறகு பொருளைக் கைவிடமாட்டார் என்பது அவர் கணக்கு. எஃப்-16இல் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விமானப்படைத் தலைவர் டேவிட் ஜோன்ஸ் இசைந்தார். இந்தக் கதையில் உஃபிம்ட்சேவின் சமன்பாட்டுக்கு இணையான எடை இந்த ஒரு பேரத்துக்கு உண்டு.

'ஹேவ் ப்ளூ' என்ற சோதனை விமானம் 1977 டிசம்பர் 1 அன்று பறந்தது. எஞ்சின் ஒரு விமானத்திலிருந்து, சக்கரங்கள் எஃப்-5இலிருந்து, கட்டுப்பாட்டு அமைப்பின் பாகங்கள் எஃப்-16இலிருந்து என்று எல்லாமே இரவல். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். வடிவம் மட்டுமே புதிதாக இருந்தால், தவறு நேரும்போது காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருநாள் ரேடாரில் விமானம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. இறங்கியதும் ஆராய்ந்தால், மூன்று திருகுகளின் தலை முழுதாக இறுகாமல் லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. கட்டிய இரண்டு விமானங்களுமே 1978இலும் 1979இலும் விழுந்து நொறுங்கின. திட்டம் நிற்கவில்லை, கேட்ட கேள்விக்கு அதற்குள் பதில் கிடைத்திருந்தது. இரண்டாவது விமானம் விழும் முன்பே, 1978 நவம்பரில், எஃப்-117க்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.

தோற்ற நார்த்ராப்பையும் டார்ப்பா கலைந்துபோக விடவில்லை. வேறொரு திட்டம் கொடுத்தது. வளைந்த பரப்புகளைக் கொண்ட 'டாசிட் ப்ளூ' 1982இல் பறந்தது. பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கு வழிவிட்டது அதில் கிடைத்த அறிவுதான். போட்டியில் தோற்றவனின் அறிவும் அரசின் சொத்து என்று நினைக்கும் நிர்வாகம் அபூர்வம்.

ஸ்டெல்த் மந்திரம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999 மார்ச் 27 அன்று செர்பியர்கள் ஓர் எஃப்-117ஐ வீழ்த்தினார்கள். நெட்டலை (நீண்ட அலைநீள) ரேடாரும் பழைய சோவியத் ஏவுகணையும் போதுமானதாக இருந்தன. அலைநீளம் விமானத்தின் பாகங்களின் அளவை நெருங்கும்போது பலகைகளின் சாய்வு அவ்வளவாகப் பயன் தருவதில்லை.

இந்தியாவுக்கும் ஒரு டார்ப்பா வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் அதே 1958இல் பிறந்ததுதான். ஆனால் அது சொந்த ஆய்வகங்களின் கூட்டமைப்பு. சிறு நிறுவனங்களுக்கு மானியம் தரும் ஐடெக்ஸ் திட்டத்தை 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில்தான் பிரதமர் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைத்தது. ஒரு மாதிரியைச் செய்துகாட்ட அது உதவும்.

எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஜெட் எஞ்சினின் சுழலி இதழ்கள், தாம் செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிடச் சூடான வாயுவில் சுழல வேண்டும். அந்த உலோகக் கலவைகளையும் வார்ப்பு முறையையும் நான்கு ஆண்டு மேலாளர் எவராலும் கொண்டுவந்துவிட முடியாது. தலைமுறைக் கணக்கில் பொறுமையும் சோதனைக் கூடங்களும் வேண்டும். பெங்களூரில் 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சினை உயரப் பறத்திச் சோதிக்க, ரஷ்யாவுக்கு எடுத்துப்போய் அங்குள்ள விமானத்தில் பொருத்த வேண்டியிருந்தது. 2008இல் அது, எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தத் தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஃப்404 எஞ்சினோடு பறக்கிறது. காவேரியின் மாற்று வடிவம் ஆளில்லா விமானத்துக்காகச் சோதனையில் இருக்கிறது.