டோப்பிங்: சால்னாவில் தொடங்கி ரத்தம் வரை வந்த சொல்

பரோட்டாவுக்குச் சால்னா எப்படியோ, பழைய டச்சுக்காரர்களுக்கு 'டோப்' அப்படி. அவர்கள் மொழியில் 'டோப்பன்' என்றால் தோய்ப்பது. தோய்த்துச் சாப்பிடும் கெட்டிக் குழம்புக்கு டோப் என்று பெயர். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதற்குக் குழம்பு என்றுதான் பொருள். இன்றைய டச்சில் அதே டோப் ஞானஸ்நானத்தைக் குறிக்கிறது. தண்ணீரில் தோய்த்தெடுப்பதால் அப்படி. (தோய், டோப் என்று ஒலி ஒத்துப்போவதைப் பார்த்து யாராவது தமிழ்தான் மூலம் என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம், தற்செயல்தான். தலையில் வைக்கும் டோப்பாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

குழம்பு எப்படி மருந்தானது? கெட்டியாக, கொழகொழவென்று இருக்கும் எதையும் அமெரிக்கர்கள் டோப் என்று சொல்லத் தொடங்கினார்கள். புகைப்பதற்காகக் காய்ச்சிய அபினும் பார்க்க அப்படித்தான் இருக்கும். அங்கிருந்து குதிரைப் பந்தயம். பந்தயக் குதிரையை முடுக்கிவிடவோ மந்தமாக்கவோ மருந்து கொடுப்பது 'டோப்பிங்' ஆயிற்று. எந்தக் குதிரைக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் யார் மீது பணம் கட்டலாம் என்று தெரியும். அதனால் உள்விவகாரத் தகவலுக்கும் டோப் என்று பெயர் வந்தது. மயங்கிக் கிடப்பவன் மந்தபுத்திக்காரன் என்பதால் முட்டாளுக்கும் அதுவே பெயர். தென்னாப்பிரிக்காவில் 'டோப்' என்ற மதுவைக் குடித்துவிட்டு ஆடும் சடங்கிலிருந்து வந்ததாக ஒரு கதையும் விளையாட்டுப் புத்தகங்களில் சுற்றுகிறது. எனக்குக் குழம்புக் கதைதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆக, ஆங்கிலச் சொல்லின் மேல் அபின் வாடையும் சூதாட்ட வாடையும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழில் இதற்கு என்ன சொல்கிறோம்? ஊக்கமருந்து.

இரண்டும் நல்ல சொற்கள் என்பதுதான் இதில் சிக்கலே. ஊக்கமுடைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மருந்துக்கும் தனி அதிகாரம் உண்டு. இரண்டையும் ஒட்டினால் டாக்டர் சீட்டில் எழுதித்தரும் டானிக் மாதிரி ஒரு சொல் வருகிறது. 'ஊக்கமருந்து உட்கொண்டார்' என்று படிக்கும்போது அதில் திருட்டு எங்கே இருக்கிறது? செய்தித்தாளை இருபது வருடம் படித்துப் பழகியதால் நமக்கு அது கெட்ட சொல்லாகப் படுகிறது. பழகாதவருக்குப் படாது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ஆங்கிலச் சுருக்கத்தை நம் பத்திரிகைகள் 'வாடா' என்று எழுதுவதையும், இந்திய முகமை 'நாடா' ஆகிவிட்டதையும் இங்கே பேசாமல் விட்டுவிடுகிறேன்.

இன்னொரு குறை, மருந்தே இல்லாத இடங்களில் இந்தச் சொல் நொண்டுகிறது. அதைத் தொழில்முறை சைக்கிள் பந்தயத்தைப் போலக் காட்டிக்கொடுக்கும் இடம் வேறு இல்லை.

எரித்ரோபொய்டின் என்று ஒரு ஹார்மோன் உண்டு. சுருக்கமாக ஈபிஓ. நம் சிறுநீரகமே அதைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையிடம் 'சிவப்பணு போதவில்லை, இன்னும் செய்' என்று சொல்வது அதன் வேலை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகை வராமல் இருக்க இதை ஊசியாகப் போடுகிறார்கள். அவர்களுக்கு இது அசல் மருந்து. மலையேறும் சைக்கிள் வீரர் அதையே போட்டுக்கொண்டால் சிவப்பணு கூடும், தசைக்கு ஆக்சிஜன் கூடும், ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகும். சொல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

அடுத்தது ரத்தம். தன் ரத்தத்தையே எடுத்துப் பையில் போட்டுக் குளிரில் வைத்து, பந்தயத்துக்கு நடுவே திரும்ப ஏற்றிக்கொள்வது. இதில் மருந்து என்று எதுவுமே இல்லை. 2006 மே மாதம் மாட்ரிட்டில் யூஃபெமியானோ ஃபுவெந்தெஸ் என்ற மருத்துவரிடம் ஸ்பெயின் போலீஸார் இப்படிப்பட்ட பைகளைக் கைப்பற்றினார்கள். பைகளின் மேல் வீரர்களின் பெயருக்குப் பதில் சங்கேதச் சொற்கள். இத்தாலிய வீரர் இவான் பாஸோவுக்கு அவர் வளர்த்த நாயின் பெயர்! மறு வருடம் பாஸோ, 'முயன்றேன், ஆனால் செய்யவில்லை' என்ற அளவில் ஒப்புக்கொண்டு இரண்டு வருடத் தடை வாங்கினார். ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது என்பது இதுதான்.

மூன்றாவது மோட்டார். 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டரில் நடந்த சைக்ளோகிராஸ் (சேற்றிலும் மேட்டிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயம்) உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிள் சட்டத்துக்குள் சிறு மோட்டார் இருந்தது பிடிபட்டது. ஆங்கிலத்தில் இதையும் டோப்பிங் என்றே சொல்லிவிட்டார்கள். தமிழில் 'மோட்டார் ஊக்கமருந்து' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

இந்த இடத்தில் 'ஊக்கு' என்ற வேரையே கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். கலித்தொகையில் ஊசலில் உட்கார்ந்திருக்கும் பெண், அங்கே வந்த ஆணிடம் 'சிறிது என்னை ஊக்கி' விடச் சொல்கிறாள். ஊக்குதல் என்றால் அங்கே பின்னாலிருந்து தள்ளிவிடுதல். மலைச்சாலையில் மூச்சு வாங்கும் சைக்கிள்காரரை ரசிகர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வீரர் கேட்டுத் தள்ளவைத்தால் அது விதிமீறல். அப்படிப் பார்த்தால் மருந்து, ரத்தம், மோட்டார் எல்லாமே ஒன்றுதான், பந்தயத்துக்கு உரியதல்லாத ஒரு தள்ளு. அதனால் என் பரிந்துரை 'கள்ள ஊக்கம்'. கள்ள நோட்டு, கள்ள ஓட்டு என்று நமக்கு ஏற்கெனவே பழகிய அமைப்பு. பொருளுக்கு ஊக்கமருந்து என்பதே இருக்கட்டும். செயலுக்குப் பொதுப்பெயர் கள்ள ஊக்கம். அதற்குள் மருந்து ஏற்றல், ரத்தம் ஏற்றல், மறைமோட்டார் என்று பிரித்துக்கொள்ளலாம்.

'ஏற்றல்' என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறோம், குளுக்கோஸ் ஏற்றுகிறோம். நண்பன் தள்ளாடி வந்தால் 'நல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்கான்' என்கிறோம். பிரெஞ்சு சைக்கிள்காரர்களின் பேச்சுவழக்கிலும் இதே படம்தான். மருந்து போட்டவனை அவர்கள் 'ஷார்ழே' என்பார்கள். சுமை ஏற்றப்பட்டவன் என்று பொருள். இத்தாலியர்கள் ஆம்பெட்டமைன் என்ற கிளர்ச்சி மருந்துக் கலவைக்கு 'லா பொம்பா' என்று பெயர் வைத்தார்கள், அதாவது குண்டு. ஸ்பானியர்கள் எதுவும் போடாமல் ஓட்டுவதற்கு 'ரொட்டியும் தண்ணீரும்' என்பார்கள்; நாம் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு என்று சொல்வதுபோல. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் காலத்து அமெரிக்க வீரர்கள் ஈபிஓவுக்கு வைத்த சங்கேதப் பெயர் 'எட்கர்'. எட்கர் ஆலன் போ என்ற எழுத்தாளர் பெயரின் கடைசி அசையில் ஈபிஓவின் ஒலி கேட்கிறதா? திருட்டுத் தொழில்களில் எப்போதும் நல்ல சொல்வளம் இருக்கும்.

சரி, கள்ள ஊக்கம் என்ற சொல்லில் கறை இருக்கிறது. கறையுள்ள சொல்லை யார் மேல், எப்போது போடுவது? நம் பத்திரிகைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான், 'ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்'. ஆனால் அவரவர் எடுத்த பெயர் கெட்ட விதம் ஒன்றுபோல் இல்லை.

இத்தாலிய வீரர் மார்க்கோ பந்தானியை எடுத்துக்கொள்வோம். 1998-ல் ஜிரோ (இத்தாலியைச் சுற்றும் பந்தயம்), டூர் (பிரான்ஸைச் சுற்றும் பந்தயம்) இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றவர். 1999 ஜூன் 5 காலை, மதோன்னா டி கம்பீலியோ என்ற மலையூரில் அவருடைய ரத்தத்தைப் பார்த்தார்கள். ஜிரோவில் அவர்தான் முன்னணியில் இருந்தார், முடிய இரண்டே நாள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 52 சதவீதம். விதி அனுமதித்தது 50. வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் விதிப்படி அது ஊக்கமருந்துச் சோதனையே அல்ல, உடல்நலப் பரிசோதனை. ஈபிஓவை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. எனவே 'சிக்கினார்' என்பது அந்தக் காலையைப் பொறுத்தவரை தவறான வாக்கியம். அவர் அந்த அடியிலிருந்து எழவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகர ஓட்டல் அறையில் 34 வயதில் இறந்தார். 2013-ல் பிரெஞ்சு செனட் அறிக்கை, 1998 டூரின் பழைய மாதிரிகளை மறுபடி சோதித்ததில் ஈபிஓ தெரிந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும், அந்த வருடம் இரண்டாவதாக வந்த ஜெர்மானியர் யான் உல்ரிக்கின் பெயரையும் சேர்த்தே போட்டது. பட்டம் இன்றும் பந்தானி பெயரில்தான் இருக்கிறது.

உல்ரிக்கின் கதை இன்னும் விசித்திரம். 2001-ல் ஆல்ப் டூயெஸ் மலையடிவாரத்தில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் திரும்பி உல்ரிக்கின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து மிதித்துப் போனார். ஏறக்குறைய இரண்டு நிமிட வித்தியாசத்தில் அன்றைய கட்டத்தை வென்றார். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை, 26 பேரின் சாட்சியத்தை வைத்து, அதில் 15 பேர் சைக்கிள் வீரர்கள், ஆர்ம்ஸ்ட்ராங் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது. உலக சைக்கிள் சங்கம் அவருடைய ஏழு டூர் பட்டங்களையும் பறித்தது. யாருக்கும் மாற்றித் தரவில்லை. உல்ரிக்குக்கும் 2012-லேயே தண்டனை வந்தது. ஆனால் அவருடைய முடிவுகள் 2005 மே மாதத்துக்குப் பிறகுதான் அழிக்கப்பட்டன. எனவே 2001 டூரின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதலிடம் காலி, இரண்டாமிடம் உல்ரிக். அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தவரைக் காணோம், முகம் மட்டும் இருக்கிறது. 1996-ல் வென்ற டென்மார்க்கின் பியார்னே ரீஸ், 2007-ல் தானே வந்து ஈபிஓ போட்டேன் என்று சொன்னவர். அவர் பெயர் இன்னும் வெற்றியாளர் பட்டியலில் இருக்கிறது, அந்தக் கால விதிப்படி நடவடிக்கைக்கான காலக்கெடு கடந்துவிட்டதால்.

2010-ல் வேறு மாதிரி. பிரெனே மலைகளில் ஒரு ஏற்றத்தில் லக்ஸம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்றது. அவர் இறங்கி மாட்டுவதற்குள் ஸ்பெயினின் அல்பெர்த்தோ கொந்தாதோர் தாண்டிப் போய் 39 விநாடி பறித்துவிட்டார். பாரிஸில் டூர் முடிந்தபோது இருவருக்கும் இருந்த மொத்த வித்தியாசமும் அதே 39 விநாடி! பிறகு கொந்தாதோரின் மாதிரியில் கிளென்புட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து மிக மிகச் சிறு அளவில் தெரிந்தது. மாட்டிறைச்சியில் வந்தது என்றார் அவர். 2012-ல் பட்டம் ஷ்லெக்குக்கு மாறியது. அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. சாலையில் தோற்றதைத் தாளில் ஜெயித்தால் எப்படி இருக்கும்?

முந்தைய தலைமுறைக்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தாது. 1940, 50-களின் இத்தாலிய நாயகன் ஃபாஸ்தோ கோப்பி 'லா பொம்பா' எடுத்ததை மறைக்கவில்லை. தேவைப்பட்டால் மட்டும் என்றார், அப்புறம் ஏறக்குறைய எப்போதுமே தேவைப்பட்டது என்றும் சொன்னார். அவர் காலத்தில் அது தடைசெய்யப்படவே இல்லை. பிரான்ஸில் சட்டம் வந்தது 1965-ல். மறு வருடம் போர்தோ நகரில் டூரின் முதல் சோதனை ரேமோன் பூலிடோரிடம் நடந்தது. மறுநாள் வீரர்கள் எல்லோரும் கிராதின்யான் அருகே சைக்கிளை விட்டு இறங்கி, எதிர்ப்புத் தெரிவித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பூலிடோரின் பரம எதிரி ஜாக் அங்கெத்தில், வெறும் தண்ணீரைக் குடித்து இதையெல்லாம் ஓட்ட முடியாது என்று வெளிப்படையாகப் பேசியவர். 1967-ல் ஒரு மணிநேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் சாதனையை முறியடித்துவிட்டுச் சிறுநீர் மாதிரி தர மறுத்தார், சாதனை ஏற்கப்படவில்லை. அவருடைய ஐந்து டூர் பட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு முறை முதல் மூவரில் வந்தும் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒருநாள்கூடப் போடாத பூலிடோர்தான் பிரெஞ்சு ஜனங்களின் செல்லப்பிள்ளை.

இப்போது ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர், டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார் காலம். 2024 ஜூலையில் பிளாத்தோ தெ பெய் ஏற்றத்தில் பந்தானியின் 1998 நேரத்தை மூன்று நிமிடத்துக்கும் மேல் பொகாச்சர் முறியடித்தபோது எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். சைக்கிள், டயர், ஓடும்போதே சாப்பிடும் மாவுச்சத்தின் அளவு எல்லாம் மாறியிருப்பது உண்மை. கேள்வி எழுவதும் நியாயம். இருவரில் யாரும் எந்தச் சோதனையிலும் தவறியதில்லை. அதனால் இங்கே பொருந்தும் சொல் 'ஐயம்' ஒன்றுதான். கள்ள ஊக்கம் என்பதை இவர்கள் பெயருக்கு அருகில் வைக்கமாட்டேன்.

ஐயப்படுவதில் கோப்பியின் எதிரி ஜினோ பார்த்தாலியை யாரும் மிஞ்ச முடியாது. 1946 ஜிரோவில் பிராக்கோ ஏற்றத்தில் கோப்பி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியிலிருந்து எதையோ குடித்துவிட்டுச் சாலையோரப் புல்லில் எறிந்ததைப் பார்த்துவிட்டார். மிதித்துக்கொண்டே இடத்தைக் குறித்துக்கொண்டார். பந்தயம் முடிந்த பிறகு அந்த மலைக்கே திரும்பிப் போய், புல்லை விலக்கித் தேடி, குப்பியைக் கண்டெடுத்துத் தன் மருத்துவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். பிரான்ஸில் தயாரான சாதாரண டானிக் என்றார் மருத்துவர். பார்த்தாலி தனக்கும் அதில் ஒரு பெட்டி வரவழைத்துக்கொண்டார்.